வால்வ் ஆம்ப் கரகரங்குதா? வால்வை மாத்துறதுக்கு முன்னாடி ஈயத்தைப் பாருங்க

ட்ரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடி வால்வ் வச்சுப் பாட்டைப் பெருக்குற வால்வ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒண்ணை சொந்தமாக் கட்டி, ஆன் பண்ணி, முதல் பாட்டும் கேட்டாச்சு. ஆனா மறுநாள்ல இருந்து ஒரு பக்கம் கரகரங்குது, இல்லைன்னா அரைமணி நேரம் நல்லா ஓடிட்டு அப்படியே சத்தம் இறங்கிப் போயிருது, மேசையைத் தட்டுனா திரும்ப வருது, இப்படி இருந்தா தயவுசெஞ்சு உடனே வால்வ் வாங்கக் கிளம்பாதீங்க. நான் கட்டுன முதல் செட்டுல அதைத்தான் செஞ்சேன். ஸ்பீக்கரை ஓட்டுற இஎல்84 வால்வ் ரெண்டையும் மாத்துனேன், கப்ளிங் கெப்பாசிட்டரை மாத்துனேன், வால்யூம் கன்ட்ரோலைக் கூட மாத்திட்டேன், கரகரப்பு போகவே இல்லை. கடைசில பாத்தா டேக் ஸ்ட்ரிப்ல, அதாவது கம்பியைச் சுத்தி ஈயம் வைக்கிற உலோகக் காதுக வரிசையா இருக்குற பட்டையில, ஒரே ஒரு காது, அதுல ஈயம் மேலாப்புல உக்காந்திருந்துச்சே தவிர உள்ள இருந்த கம்பியைப் பிடிக்கவே இல்லை.

அதைக் கண்டுபிடிச்சுக் குடுத்தது மேலூர்ப் பக்கம் இருக்குற ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணன். திருவிழாவுக்கு ரேடியோ செட்டு கட்டுற ஆளுங்க வால்வ் ஆம்ப் வச்சிருந்த காலத்துல இருந்து இந்த வேலையில இருக்காரு. அந்த ஆம்ப்பெல்லாம் மாட்டு வண்டியிலயும் சைக்கிள்லயும் ஊர் ஊராப் போய் வந்தது, குலுங்கிக் குலுங்கி ஈயம் வச்ச ஜாயின்ட் விட்டுரும், அதனால அவருக்கு இது கைவந்த கலை. என் செட்டைத் திருப்பிப் போட்டதும் அவர் மீட்டரை எடுக்கலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பத்து நிமிஷம் சும்மா பாத்துக்கிட்டே இருந்தாரு, அப்புறம் கேட்டாரு, "தம்பி, இதுல எத்தனை ஜாயின்ட் வச்சிருக்கன்னு எண்ணிப் பாத்தியாப்பா?" எண்ணுனேன், நூத்துக்கு மேல போச்சு. "வால்வ் எத்தனை?" நாலு. "அப்ப நாலைப் பாத்துட்டு நூறை விட்டுட்ட."

அதுல இருந்து நான் ஜாயின்ட்டையும் ஒரு பார்ட்டாத்தான் எண்ணுறேன். ரெசிஸ்டருக்கு எப்படி ஒரு மதிப்பு இருக்கோ அதே மாதிரி ஜாயின்ட்டுக்கும் ஒரு மதிப்பு இருக்கு, அது சைபர் ஓமா இருக்கணும். அப்படி இல்லைன்னா அதுவும் கெட்டுப்போன பார்ட்டுதான். புதுசா கட்டுறவங்க இதை எப்படித் தேடிப் பிடிக்கணும்னு என் கைல இருக்குற முறையை அப்படியே எழுதுறேன். உதாரணத்துக்கு என் செட்டையே எடுத்துக்கிறேன், பக்கத்துக்கு ஒரு இஎல்84, முன்னாடி ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரு இசிசி83, ஏசியை டிசியா மாத்துற ரெக்டிஃபயருக்கு இஇசட்81. உங்க செட்டுல வேற வால்வா இருந்தா பின் நம்பரும் மதிப்பும் மாறும், தேடுற வழி மாறாது.

முதல்ல உயிர்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிராதீங்க. ட்ரான்சிஸ்டர் செட்டு மாதிரி இல்லை இது, உள்ள 250, 300 வோல்ட் டிசி ஓடுது, பிளக்கைப் பிடுங்குனதுக்கு அப்புறமும் டிசியைச் சீராக்குற ஃபில்டர் கெப்பாசிட்டர் அதைப் பிடிச்சு வச்சிருக்கும். அந்த சார்ஜை இறக்கத்தான் கெப்பாசிட்டர் குறுக்க 220 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு போடுவோம். 47 மைக்ரோஃபேரட்டுக்கு கிட்டத்தட்ட ஒரு நிமிஷத்துல வடிச்சிரும், நல்ல ஏற்பாடுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, நாம தேடுறதே விட்டுப்போன ஜாயின்ட்டை, அந்த ரெசிஸ்டரோட ஜாயின்ட்டே விட்டுப் போயிருந்தா? அதனால அதை நம்பிக் கையை வைக்காதீங்க.

நான் செய்யிறது இதுதான். சுவிட்ச ஆஃப் பண்ணி பிளக்கையே சுவத்துல இருந்து பிடுங்கி, பிளக் என் கண்ணுல படுற இடத்துல மேசை மேல வச்சிருவேன். வீட்டுல யாராச்சும் வந்து போட்டுறக் கூடாதுல்ல. 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுல ரெண்டு பக்கமும் நல்ல இன்சுலேஷன் உள்ள வயர் இழுத்து, ரெண்டு நுனியிலயும் முதலைக் கிளிப் போட்டு, கம்பி வெளிய தெரியிற இடமெல்லாம் ஸ்லீவ் மாட்டி வச்சிருக்கேன். ஒரு கிளிப்பை சேசிஸ்ல, அதாவது ஆம்ப்போட உலோக உடம்புல, மாட்டிட்டு, இன்னொண்ணை ரப்பர் பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு கெப்பாசிட்டர் பிளஸ்லயும் அஞ்சு செகண்ட் வைப்பேன். ஸ்க்ரூடிரைவரை வச்சு பட்டுனு ஷார்ட் பண்றது வேணாம், பொறி பறக்கும், கெப்பாசிட்டரும் கெடும், கையும் போகும். அப்புறம் மீட்டரை வச்சு அளந்து, சைபர் பக்கம் இறங்கிருச்சுன்னு பாத்தாத்தான் உள்ள விரல் போகும்.

ஆன்ல வச்சுத் தட்டவோ அளக்கவோ வேண்டிய கட்டம் வரும்போது மோதிரம், காப்பு, செயின் எல்லாம் கழட்டிருங்க, ரப்பர் செருப்பு போட்டுக்கோங்க, இடது கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ஒத்தக் கையில வேலை பாருங்க. ரெண்டு கையும் உள்ள போனா கரண்ட்டு ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா இன்னொரு கையில இறங்கும். வீட்டுல யாரும் இல்லாத நேரத்துல இதைச் செய்யாதீங்க. இன்னொண்ணு, நம்ம ஊர்ப் பழைய வீடுகள்ல மூணு பின் சாக்கெட் இருக்கும், ஆனா பல இடத்துல அந்த மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி எர்த் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருதடவை செக் பண்ணிட்டு, சேசிஸுக்கு எர்த் குடுத்துட்டு அப்புறமா ஆம்ப்பைத் தொடுங்க.

ஈயம்னா என்ன, அது ஏன் ஒட்டாமப் போகுது

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு தெரியும்ல, அதை வெறும் சொம்பா அடுப்புல வச்சா உருகி ஓடிரும்னு வீட்டுல சத்தம் போடுவாங்களே. அது வெள்ளீயம், 232 டிகிரில உருகிரும். காரீயம் 327 டிகிரில உருகும். இது ரெண்டையும் 63க்கு 37ங்கிற கணக்குல கலந்தா, ரெண்டையும் விடக் குறைவா 183 டிகிரிலயே உருகும், அது மட்டுமில்லாம அதே 183ல டக்குன்னு இறுகியும் போயிரும். கடையில அதிகமாக் கிடைக்கிற 60க்கு 40 கம்பி அப்படி இல்லை, 183ல இருந்து 190 வரைக்கும் ஒரு கூழ் மாதிரி நிலை அதுக்கு இருக்கு, உருகவும் இல்லாம இறுகவும் இல்லாம. அந்த நேரத்துல கம்பி லேசா ஆடுனாப் போதும், உள்ள விரிசல் விழுந்துரும். வெளியில பாத்தா கொஞ்சம் மங்கலா, மணல் தூவுன மாதிரி இருக்கும். டிவி மெக்கானிக்குங்க ட்ரை சால்டர்னு சொல்றது பெரும்பாலும் இதையும், சூடு பத்தாம உக்காந்த ஈயத்தையும்தான். புதுசா ஆரம்பிக்கிறவங்க 63க்கு 37 கம்பியே கேட்டு வாங்குங்க. காரீயம் இல்லாத கம்பி பெரும்பாலும் 217 டிகிரிக்கு மேலதான் உருகும், அது நல்லா வச்சாலும் மங்கலாத்தான் தெரியும், கத்துக்கிற நேரத்துல அது கண்ணைக் குழப்பிரும்.

முன்னாடியெல்லாம் தெருவுல "பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது"ன்னு கூவிக்கிட்டு வருவாங்க. பித்தளைப் பாத்திரத்தை அடுப்புல காய வச்சு, நவச்சாரத்தைத் தூவி, புகை வரும்போதே ஈயத்தைத் தொட்டு வச்சு துணியால ஒரு தேய் தேய்ப்பாங்க, அப்படியே வெள்ளி மாதிரி பரவிரும். அதுல மூணு விஷயம் இருக்கு பாருங்க: பாத்திரம் சூடா இருக்கணும், அழுக்கு போயிருக்கணும், அதுக்கப்புறம்தான் ஈயம். நம்ம வேலையிலயும் அதே மூணுதான், எது குறைஞ்சாலும் ஜாயின்ட் போச்சு. ஒரே வித்தியாசம், நமக்கு நவச்சாரம் கூடவே கூடாது. அதுவும், சின்ன டப்பாவுல விக்கிற ஆசிட் கலந்த பேஸ்ட்டும் மிச்சம் இருந்துக்கிட்டே செம்பை அரிச்சிரும், ஆறு மாசத்துல பச்சை பூத்து நிக்கும். ஈயக் கம்பிக்கு உள்ளயே அழுக்கை எடுக்குற ரோசின்ங்கிற பிசின் இருக்கு, அது போதும், பத்தலைன்னா தனியா ரோசின் ஃப்ளக்ஸ் வாங்கிக்கோங்க.

சூடு எங்க போச்சுன்னு யோசிங்க

நம்ம பக்கத்துல ட்ரை சால்டர் வர்றதுக்கு ரெண்டு காரணம் இருக்கு, ரெண்டையும் நான் எங்கயும் எழுதிப் பாத்ததில்லை.

ஒண்ணு வோல்டேஜ். எங்க வீடு அலங்காநல்லூர் ரோட்டுப் பக்கம், சாயங்காலம் பம்புசெட்டு எல்லாம் ஓடுற நேரத்துல 180 வோல்ட்டுக்கு இறங்கிரும். 25 வாட் சால்டரிங் அயன்னு நாம நினைச்சுக்கிட்டு இருப்போம், ஆனா அது 230 வோல்ட்டுக்கு. வோல்டேஜ் குறைஞ்சா வாட் அதோட வர்க்கத்துல குறையும், 180ல அது வெறும் 15 வாட் அயன். அயன் நுனியில இருக்குற பிட்டுல வச்சா ஈயம் உருகும், அதனால சூடு இருக்குன்னு நினைப்போம், ஆனா வால்வ் சாக்கெட் காதையோ தடிமனான எர்த் கம்பியையோ காய வைக்கிற அளவுக்கு அதுகிட்ட தெம்பு இருக்காது. வேலைக்குப் போயிட்டு வந்து சாயங்காலம் உக்காந்து கட்டுறவங்க செட்டுல இந்தக் கோளாறு அதிகம். முடிஞ்சா டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள ஸ்டேஷன் வாங்கி 350 டிகிரி பக்கம் வச்சுக்கோங்க, முடியலைன்னா காலையில வேலை பாருங்க.

ரெண்டாவது ஃபேன். சித்திரை வெயில்ல மதுரையில ஃபேன் இல்லாம உக்கார முடியாதுதான், எனக்கும் தெரியும், ஆனா சீலிங் ஃபேன் நேரா பிட்டு மேலயும் ஜாயின்ட் மேலயும் அடிச்சா அயன்ல இருந்து வர்ற சூட்டைப் பாதி காத்தே தின்னுரும். ஈயம் வைக்கிற நேரம் மட்டும் சீலிங் ஃபேனை அமத்திட்டு, ஒரு சின்ன டேபிள் ஃபேனைப் பக்கவாட்டுல வச்சு ரோசின் புகை ஜன்னல் பக்கமாப் போற மாதிரி பாத்துக்கோங்க, அந்தப் புகை நெஞ்சுக்கு நல்லதில்லை. காரீயம் புகையாப் போறதில்லை, கையில ஒட்டி வாய்க்குப் போறதுதான் ஆபத்து. அதனால வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவாம காபி டம்ளரைக் கூடத் தொடாதீங்க, அடுப்படியில வச்சு இந்த வேலையைச் செய்யாதீங்க.

கண்ணால பாக்குறது

இதுக்கு ஒரு அரைமணி நேரமாவது ஒதுக்குங்க. நல்ல வெளிச்சம் வேணும், கையில பிடிக்கிற லென்ஸ் ஒண்ணு வேணும், சர்க்யூட் தாளும் ஒரு சிவப்பு பேனாவும் வேணும். பாத்து முடிச்ச ஜாயின்ட்டை எல்லாம் தாள்ல டிக் அடிச்சுக்கிட்டே வாங்க, அப்பதான் எதுவும் விடுபடாது.

நல்ல ஜாயின்ட்டுல ஈயம் கம்பி மேல ஏறி, காது மேல படர்ந்து, ஓரம் மெலிசா முடியும், உள்ள இருக்குற கம்பியோட உருவம் வெளியத் தெரியும். இலையில விழுந்த தண்ணி மாதிரி உருண்டு திரண்டு நின்னா அது ஒட்டலை. அதிக ஈயம் நல்ல ஜாயின்ட் இல்லை, உள்ள என்ன நடக்குதுன்னு மறைச்சிரும். கம்பியைச் சுத்தி மெலிசா ஒரு வட்டக் கோடு தெரிஞ்சா அது விரிசல், பிசிபி (செப்புப் பாதை அச்சடிச்ச பலகை) மேல வால்வ் சாக்கெட் வச்சுக் கட்டுனவங்க இதைத்தான் முதல்ல தேடணும், ஏன்னா இஎல்84 கை வைக்க முடியாத சூடுக்குப் போயி ஆறுது, ஒவ்வொரு தடவையும் பின்னும் பலகையும் ஈயமும் வேற வேற அளவுல விரிஞ்சு சுருங்குது. பழுப்பா கண்ணாடி மாதிரி ரோசின் படிஞ்ச இடத்தையும் சந்தேகப்படுங்க, சில சமயம் கம்பிக்கும் காதுக்கும் நடுவுல இருக்குறது ஈயமே இல்லை, ரோசின்தான், அது கரண்ட்டை விடாது.

ஒரே காதுல நாலஞ்சு கம்பி வர்ற இடம் ரொம்ப முக்கியம். மேல இருக்குற ரெண்டு கம்பி நல்லாப் பிடிச்சிருக்கும், அடியில முதல்ல சுத்துன கம்பிக்கு ஈயமே போயிருக்காது. என் செட்டுல இருந்த கோளாறு இதேதான்.

வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்குற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் நம்ம ஊர்லயே சுத்துனதா இருந்தா அதோட கம்பி நுனியைக் கவனமாப் பாருங்க. செப்புக் கம்பி மேல வார்னிஷ் பூச்சு இருக்கும், அதைப் பிளேடால சுரண்டாம ஈயம் வச்சா வெளியில பளபளன்னு ஜாயின்ட் மாதிரியே இருக்கும், உள்ள தொடுப்பே இருக்காது. பழைய ரேடியோவுல இருந்து கழட்டுன பார்ட்டும் அப்படித்தான், காலு கறுத்திருந்தா செம்போ வெள்ளையோ தெரியிற வரைக்கும் சுரண்டியே ஆகணும்.

செட்டை ஆஃப் பண்ணியே பாதிக் கோளாறைப் பிடிக்கலாம்

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை, புதுசா வர்றவங்களுக்கு பயமும் இல்லை. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை வடிச்சு, வால்வ் எல்லாத்தையும் கழட்டிருங்க. மீட்டரை ஓம்ல வச்சு, கறுப்பு வயரை சேசிஸ்ல கிளிப் பண்ணி, சிவப்பை அடியில இருக்குற காதுல வைக்காம, மேல் பக்கமா வால்வ் உக்கார்ற ஓட்டைக்குள்ள வச்சு அளங்க. ஏன்னா அங்க இருந்து அளந்தா சாக்கெட் கிளிப்பு, காது, ஜாயின்ட், ரெசிஸ்டர், அடுத்த ஜாயின்ட், எர்த் வரைக்கும் மொத்தப் பாதையும் ஒரே அளவுல வந்துருது.

கேத்தோடு, கிரிட், ஆனோடு, ஸ்கிரீன்ங்கிறதெல்லாம் வால்வுக்கு உள்ள இருக்குற பாகங்க, ஒவ்வொண்ணும் ஒரு பின்னுக்கு வரும். இஎல்84ல 3ஆம் பின் கேத்தோடு, என் செட்டுல அங்க 130 ஓம் வரணும். 2ஆம் பின் கிரிட், அங்க 470 கிலோ ஓம் பக்கம் வரணும். இசிசி83ல 3, 8 ரெண்டும் கேத்தோடு, அங்க 1.5 கிலோ ஓம். அப்புறம் கறுப்பு வயரை அந்தந்த வால்வுக்கு சப்ளை போற ஃபில்டர் கெப்பாசிட்டரோட பிளஸ்ல மாத்திக்கிட்டு, இசிசி83ல 1ஆம் பின்னும் 6ஆம் பின்னும் அளந்தா 100 கிலோ ஓம், இஎல்84ல 7ஆம் பின் ஆனோடு, அங்க அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் பிரைமரியோட (வால்வ் பக்கத்துச் சுருளோட) ஓம், சில நூறு வரும், 9ஆம் பின் ஸ்கிரீன், அங்க போட்டிருக்குற ரெசிஸ்டர் மதிப்பு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கட்டுன செட்டுங்கிறதால இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, எங்க வித்தியாசம் வருதோ அங்க நில்லுங்க.

அளந்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு மூங்கில் குச்சியால அந்தப் பாதையில இருக்குற ரெசிஸ்டரையும் கம்பியையும் பைய அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளிப் பாருங்க. மீட்டர் நம்பர் குதிச்சா வேலை முடிஞ்சது, அந்த ஜாயின்ட்தான். பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீங்க, பல மீட்டர்ல 30 ஓம் இருந்தாக்கூட பீப் அடிக்கும், நமக்கு அரை ஓம் கூட ஆகாத இடங்கள் இருக்கு.

அதுல முக்கியமானது ஹீட்டர் லைன். ஒரு இஎல்84 ஹீட்டர் 0.76 ஆம்பியர் இழுக்குது. ஜாயின்ட்டுல ஒரு ஓம் இருந்தா 6.3 வோல்ட்டுல கிட்டத்தட்ட 0.7 வோல்ட் அங்கயே போயிரும், அந்த வால்வ் மட்டும் மங்கலா எரியும், சத்தம் சோர்ந்து வரும், ஆளுங்க வால்வ் செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணிருவாங்க. 4க்கும் 5க்கும் குறுக்க ஏசி வோல்டேஜை ரெண்டு பக்கத்து வால்வுலயும் அளந்து பாத்தா தெரிஞ்சிரும், அதுக்கு மட்டும் செட்டு ஆன்ல இருக்கணும்.

ஆன்ல வச்சுத் தேடுறது

முதல் தடவை ஆன் பண்ணும்போது நேரா லைன்ல போடாதீங்க. எலக்ட்ரீஷியன்ங்க வச்சிருக்குற சீரிஸ் லாம்ப் போர்டு மாதிரி 100 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க, எல்ஈடி பல்பு இதுக்கு ஆகாது. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு அப்புறம் மங்குனா சரி, முழு வெளிச்சத்துல நின்னா எங்கயோ ஷார்ட்டு, ஆஃப் பண்ணிருங்க. ஸ்பீக்கர் இல்லாம எப்பவும் ஓட்டாதீங்க. ஸ்பீக்கர் சாக்கெட் ஜாயின்ட் விட்டுப் போனாலும் ஸ்பீக்கர் இல்லாததுக்குச் சமம், பாட்டு ஓடும்போது பிரைமரியில வோல்டேஜ் எகிறி ட்ரான்ஸ்ஃபார்மரே உள்ள பொறிஞ்சிரலாம். செட்டுலயே விலை அதிகமான பார்ட்டு அதுதான், அதனால அந்த ரெண்டு ஜாயின்ட்டையும் நான் ரெண்டு தடவை பாப்பேன்.

இப்ப தட்டுற வேலை. ஒரு அடி நீளமாவது இருக்குற, நல்லாக் காஞ்ச மூங்கில் குச்சி வேணும். பென்சில் வேணாம், உள்ள இருக்குற கரி கரண்ட்டைக் கடத்தும். பாட்டு எதுவும் போடாம, வால்யூமைப் பாதியில வச்சு, இன்புட் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு காதா லேசாத் தட்டிக்கிட்டே வாங்க. இசிசி83யைத் தட்டுனா ஸ்பீக்கர்ல டிங்னு கேக்கும், அது வால்வோட இயல்பு, அதைப் பாத்து ஏமாறாதீங்க. கோளாறு ஜாயின்ட்டைத் தட்டுனா கர்ருனோ டப்புனோ கேக்கும். பெரும்பாலும் பக்கத்து ஜாயின்ட்டைத் தட்டுனாலும் அதிர்ச்சி அங்க போய் சத்தம் வரும், அதனால சத்தம் வந்ததும் துள்ளாதீங்க, இன்னும் மெதுவா, இன்னும் மெதுவாத் தட்டி, எந்த இடத்துல ரொம்ப லேசாத் தொட்டாலே சத்தம் வருதோ அதைக் குறிச்சுக்கோங்க. சூடானதுக்கு அப்புறம்தான் கோளாறு வருதுன்னா அரைமணி நேரம் ஓடவிட்டுட்டுத் தட்டுங்க, குளிர்ந்த செட்டுல அந்த ஜாயின்ட் நல்லபிள்ளையா இருக்கும்.

என்ன சத்தம் வருதுங்கிறதும் வழி காட்டும். நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், முழு ரெக்டிஃபிகேஷனுக்கு அப்புறம் அது 100 ஹெர்ட்ஸ். கொஞ்சம் கூர்மையா ரீங்காரம் போடுற 100 ஹெர்ட்ஸ் இரைச்சல்னா ஃபில்டர் கெப்பாசிட்டரோட ஜாயின்ட், குறிப்பா அதோட எர்த் பக்கம். அடித்தொண்டையில உறுமுற 50 ஹெர்ட்ஸ்னா ஹீட்டர் லைனை எர்த்துக்குக் கட்டுற ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டரோட ஜாயின்ட், இல்லைன்னா இன்புட் வயரோட ஷீல்டு, இல்லைன்னா முதல் வால்வ் கிரிட் பக்கத்து ஜாயின்ட். சத்தமே இல்லை, கேத்தோடுல 7 வோல்ட் வர வேண்டிய இடத்துல அதைவிட எக்கச்சக்கமா ஏறி நிக்குதுன்னா கேத்தோடு ரெசிஸ்டர் ஜாயின்ட் விட்டிருக்கு, உடனே ஆஃப் பண்ணுங்க, பக்கத்துல இருக்குற 25 வோல்ட் கெப்பாசிட்டர் அந்த வோல்டேஜைத் தாங்காது.

இதெல்லாத்தையும் விட மோசமானது ஒண்ணு இருக்கு. இஎல்84 கிரிட்டுக்கும் எர்த்துக்கும் நடுவுல இருக்குற 470 கிலோ ஓம் ரெசிஸ்டரோட ஜாயின்ட் விட்டுப் போச்சுன்னா கிரிட் பிடிமானம் இல்லாம நிக்கும், வால்வ் கட்டுக்கடங்காம கரண்ட் இழுத்து, உள்ள இருக்குற தகடு செக்கச் செவேர்னு சிவந்துரும். ஹீட்டர் ஆரஞ்சா எரியிறது வேற, தகடே சிவக்கிறது வேற. பாத்த நிமிஷமே சுவிட்ச அமத்துங்க, யோசிக்கிறதெல்லாம் அப்புறமா. நிறைய நல்ல வால்வு, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல செஞ்ச பழைய வால்வுக கூட, இப்படி ஒரு அரை ரூபா ரெசிஸ்டரோட ஜாயின்ட்டால வீணாப் போகுது, எனக்கு அது நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா அந்த பாரத் வால்வை இப்ப செய்யிறதில்லை.

சரி பண்றது

மேலயே இன்னும் கொஞ்சம் ஈயத்தை அப்புறது சரி பண்றது இல்லை. பழைய ஈயத்தை, ஈயம் உறிஞ்சுற பம்ப்பால (சால்டர் சக்கர்) உறிஞ்சி எடுங்க, மிச்சத்தைச் செப்புப் பின்னல்ல ஒத்தி எடுங்க, கம்பியை வெளிய எடுத்து சுரண்டி, தனியா அதுக்கு மெலிசா ஈயம் பூசுங்க, காதுக்கும் தனியாப் பூசுங்க. அப்புறம் கம்பியைக் காதுல மாட்டி ஒரு சுத்து சுத்தி நோஸ் பிளேயரால அமுக்குங்க, ஈயம் இல்லாமலே அது ஆடாம நிக்கணும். பூக்கட்டுற அக்காங்க நாரை ஒரு இழு இழுத்து விடுவாங்கள்ல, மல்லி மொட்டு நகராது, அந்த மாதிரி. பிட்டை ஈரப் பஞ்சுல துடைச்சு, துளி ஈயம் தொட்டுக்கிட்டு, கம்பியும் காதும் ரெண்டும் படுற மாதிரி வச்சு, ஒண்ணு ரெண்டு எண்ணிட்டு, ஈயக் கம்பியைப் பிட்டுல குடுக்காம எதிர்ப் பக்கம் ஜாயின்ட்டுல குடுங்க. ஜாயின்ட் சூட்டுல ஈயம் உருகி ஓடுனா அது பிடிச்சிருச்சு. முதல்ல ஈயக் கம்பியை எடுங்க, அப்புறம் அயனை எடுங்க, அஞ்சு செகண்ட் மூச்சு விடாம இருங்க. வாயால ஊதவே ஊதாதீங்க, அந்தக் கூழ் நிலையில ஊதுற காத்தே போதும் ஜாயின்ட்டைக் கெடுக்க.

வால்வ் சாக்கெட்டுல ஈயம் வைக்கும்போது வேலைக்காகாத பழைய வால்வ் ஒண்ணை அதுல சொருகி வச்சுக்கோங்க, கிளிப்பு நகராம இருக்கும். ஈயம் அளவாப் போடுங்க, அதிகமானா காது வழியா இறங்கி கிளிப்புக்குள்ள போய் அப்புறம் வால்வே உள்ள இறங்காது.

எர்த் பாயிண்ட்டுக்கு 25 வாட் பத்தாது, 60 வாட்டாவது வேணும். அலுமினிய சேசிஸ்னா நேரடியா ஈயம் வைக்கப் பாக்காதீங்க, ஒட்டவே ஒட்டாது. பெயின்ட்டைச் சுரண்டி, பல்லு உள்ள வாஷர் போட்டு, வளையக் காதை போல்ட்டு நட்டுல இறுக்கி, அந்தக் காதுல கம்பியைச் சுத்தி ஈயம் வைங்க. லைன் எர்த்துக்குத் தனி போல்ட்டு, அதுல வேற எந்த வயரையும் சேக்காதீங்க. அந்த நட்டுகளையும் வருஷத்துக்கு ஒருதடவை முடுக்குங்க, எர்த் லூஸா இருந்தா அதுவும் ட்ரை சால்டர் மாதிரியே கரகரங்கும், நீங்க ஈயத்துலயே தேடிக்கிட்டு இருப்பீங்க.

எல்லாம் ஆறுனதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் விளக்குற பிரஷும் வச்சு ரோசினைத் தேய்ச்சுக் கழுவுங்க, அது சீக்கிரமாத் தீப்பிடிக்கிற சாமான், நல்லாக் காஞ்சதுக்கு அப்புறம்தான் பிளக்கைத் தொடணும். கழுவுறது அழகுக்கு இல்லை, அடுத்த தடவை விரிசல் விட்டா ரோசின் மறைக்காம கண்ணுக்குத் தெரியணும்ல.

அப்புறம் மறுபடியும் வால்வைக் கழட்டி வச்சுட்டு அதே ஓம் அளவு, அதே அட்டவணை. சரியா வந்தா சீரிஸ் லாம்ப்ல போட்டுப் பாத்து, பிறகு நேரா லைன்ல போட்டு ரெண்டு மணி நேரம் ஓடவிட்டு, சூடா இருக்கும்போதே ஒருதடவை குச்சியால எல்லா ஜாயின்ட்டையும் தட்டுங்க. ஒவ்வொரு பின்லயும் வந்த வோல்டேஜை, அன்னைக்கு லைன் வோல்டேஜ் எவ்வளவுங்கிறதோட சேத்து ஒரு தாள்ல எழுதி அடி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிருங்க. எங்க வீட்டுல 230 இருக்கும்போது கேத்தோடுல 7 வோல்ட், 200க்கு இறங்குன நாள்ல அதைவிடக் குறைவாத்தான் காட்டும், லைன் வோல்டேஜை எழுதி வைக்கலைன்னா இல்லாத கோளாறைத் தேடி நல்லா இருக்குற ஜாயின்ட்டை எல்லாம் பிரிச்சுக்கிட்டு இருப்பீங்க.